லிஸ்டர் மாற்றியதும் மாற்றாததும்

1890-இல் பெர்லினில் பத்தாவது பன்னாட்டு மருத்துவ மாநாடு கூடியபோது, அங்கே மேடையேறிய அறுவை மருத்துவர்களில் ஜோசப் லிஸ்டருக்கு இணையான புகழ் பெற்றவர் வேறு எவரும் இல்லை. அப்போது அவருக்கு வயது 63. அறுவைக் கூடத்தின் காற்றில் கார்பாலிக் அமிலத்தைப் புகைபோலத் தூவும் கருவியை 1871-இல் அறிமுகப்படுத்தியவர் அவர். மருத்துவ மாணவர்கள் அந்தக் கருவியின் வாடையை வைத்தே அவர் முறையை அடையாளம் கண்டார்கள். அந்தக் கருவியைத்தான் அவர் பெர்லின் மேடையில் தள்ளுபடி செய்தார். காற்றில் மிதக்கும் கிருமிகளைக் கொல்ல அதை ஒருகாலத்தில் பரிந்துரைத்ததற்காக இன்று வெட்கப்படுவதாகவே சொன்னார். பள்ளிப் பாடநூல்களில் லிஸ்டர் ‘கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவை மருத்துவத்தைக் காப்பாற்றியவர்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறார். அந்த வரி உண்மையென்றால், பெர்லினில் அவர் தன் சாதனையின் பாதியைத் தானே அழித்துக்கொண்டார் என்று ஆகும். அப்படி ஆகவில்லை, அவர் மதிப்பு அதனால் குறையவும் இல்லை. அவர் அறுவை மருத்துவத்துக்குத் தந்தது ஒரு மருந்தை அல்ல என்பதே அதற்குக் காரணம். காயத்தைக் கேள்வி கேட்கும் ஒரு வழியை அவர் தந்தார். ஒரு கோட்பாட்டை உறுதியாகப் பற்றிக்கொண்டு, அதற்கு உதவும் பொருள்களையும் கருவிகளையும் கட்டுகளையும் இடைவிடாமல் மாற்றுவதுதான் அந்த வழி.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தின் நிலையை நினைவில் கொள்ள வேண்டும். 1846-இல் ஈதர் மயக்க மருந்தாக வந்தது. கத்தியின் வலி போய்விட்டதால் மருத்துவர்கள் முன்னைவிட நிதானமாகவும் ஆழமாகவும் அறுக்க முடிந்தது. ஆனால் கத்திக்குத் தப்பியவர்கள் படுக்கையில் செத்தார்கள். காயம் சீழ் வைத்தது, சதை அழுகியது, இரத்தம் நஞ்சானது. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ‘மருத்துவமனை நோய்’ என்றே பெயர். சீழ் பிடிப்பதைக் குணமாவதன் ஒரு கட்டமாகவே பல மருத்துவர்கள் கருதினார்கள். வெண்மையான, கெட்டியான, நாற்றமில்லாத சீழ் நல்ல அறிகுறி என்று பாடம் நடத்தினார்கள். அழுகலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றும், காற்றில் உள்ள ஆக்சிஜன் என்றும் இரு விளக்கங்கள் புழங்கின. கெட்ட காற்றுதான் காரணமென்றால் கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்டலாம். கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் 1861-இல் புதிய அறுவைப் பிரிவு திறக்கப்பட்டது; லிஸ்டர் அதில் பொறுப்பேற்றார். கட்டடம் புதிது, மரணம் பழையது. அந்தக் கட்டடத்தை ஒட்டிய மண்ணில் 1849-இன் காலராவில் இறந்தவர்கள் கும்பலாகப் புதைக்கப்பட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. காற்றுதான் குற்றவாளி என்று நம்பியவர்களுக்கு அதுவும் ஒரு சான்றாயிற்று.

லிஸ்டரிடம் வேறொரு பயிற்சி இருந்தது. தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் திராட்சை மது வணிகர். நுண்ணோக்கியின் வில்லைகளில் நிறம் பிரிந்து உருவம் மங்கும் குறையைச் சரிசெய்து 1830-இல் எழுதிய கட்டுரைக்காக அறிவியல் உலகம் அவரை மதித்தது. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் என்பதால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மகனுக்குப் பொருந்திவரவில்லை. சமயச் சோதனை இல்லாத லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார். அங்கே உடலியல் பேராசிரியர் வில்லியம் ஷார்ப்பி அவரைச் செதுக்கினார். ஷார்ப்பியின் பரிந்துரையோடு 1853-இல் எடின்பரோ சென்று அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் சேர்ந்தார். சைமின் மகள் ஆக்னஸை 1856-இல் மணந்தார். 1857, 1858 ஆண்டுகளில் தவளையின் கால்விரல் சவ்வை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எரிச்சலூட்டும் பொருள் பட்டதும் இரத்தக்குழாய்களில் என்ன நேர்கிறது என்று ஆராய்ந்தார். இந்தத் தவளை ஆராய்ச்சியை வாழ்க்கை வரலாறுகள் விரைவாகக் கடந்துபோகின்றன. பின்னாளில் நிகழ்ந்ததற்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மருந்து பட்டால் திசுவும் புண்படும் என்று தன் கண்ணாலேயே பார்த்தவர் அவர். ஆகவே கிருமியைக் கொல்லும் பொருள் ஒன்று கையில் கிடைத்த நாளிலிருந்து, அதைக் காயத்தில் எவ்வளவு குறைவாகப் படவிடலாம் என்ற கவலையும் அவருக்குக் கூடவே வந்தது.

1865-இல் கிளாஸ்கோவின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரெஞ்சு வேதியியலாளர் பாஸ்டர் எழுதியவற்றை லிஸ்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அழுகல் ஒருவகை நொதித்தல். அதைச் செய்வது காற்று அல்ல, காற்றோடு வரும் உயிர்கள் என்பது பாஸ்டரின் முடிவு. சூடாக்கியும் வடிகட்டியும் திரவத்தைக் காத்தார் பாஸ்டர். மனிதக் காலைக் கொதிக்கவைக்க முடியாது. ஆகவே வேதிப்பொருள் ஒன்று தேவைப்பட்டது. கார்லைல் நகரத்துச் சாக்கடைக் கழிவில் கார்பாலிக் அமிலத்தைக் கலந்ததும் நாற்றம் நின்றது, அந்தக் கழிவு பாய்ந்த வயல்களில் மேய்ந்த மாடுகளுக்கு வந்துகொண்டிருந்த நோயும் நின்றது என்று லிஸ்டர் படித்திருந்தார். எதில் சோதிப்பது என்பதையும் அவர் யோசித்தே தேர்ந்தெடுத்தார். எலும்பு முறிந்தும் தோல் கிழியாதவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். அதே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்தால் காலை வெட்ட வேண்டியிருந்தது, அல்லது ஆள் போய்விடுவான். இரண்டுக்கும் வேறுபாடு தோலில் உள்ள ஒரு திறப்புதான். கோட்பாட்டைச் சோதிக்க இதைவிடத் தெளிவான களம் மருத்துவமனையில் வேறு கிடையாது.

மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. ஆகஸ்ட் 12 அன்று ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். வெறும் வண்டியின் சக்கரம் இடது காலில் ஏறி எலும்பு முறிந்திருந்தது; ஏறக்குறைய ஒன்றரை அங்குல நீளத்தில் காயம் திறந்திருந்தது. நீர் கலக்காத கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் காயத்தின் மேல் வைத்து, அமிலம் ஆவியாகாதபடி மேலே ஈயத் தகடு போர்த்தி, காலைச் சிம்பு வைத்துக் கட்டினார்கள். நான்கு நாள் அந்தக் கட்டைத் தொடவில்லை. வழக்கமாக அழுகல் வாடை கிளம்பும் நாள் அது. கட்டைப் பிரித்தபோது வாடை இல்லை, சீழும் இல்லை. காயத்தைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. சிறுவன் எரிச்சல் என்றான். அது நோயின் வேலையல்ல, அமிலத்தின் வேலை என்று லிஸ்டர் கண்டுகொண்டார். உடனே அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தார். பிறகு ஆலிவ் எண்ணெயில் கலந்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. வெற்றியின் முதல் வாரத்திலேயே அவர் தன் மருந்தைப் பலவீனப்படுத்தத் தொடங்கிவிட்டார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மருந்தையே கண்டுபிடிப்பாகக் கருதும் மருத்துவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

1867-இல் பதினொரு நோயாளிகளின் விவரத்தோடு ‘லான்செட்’ இதழில் கட்டுரைகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் டப்ளினில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் லிஸ்டர் தன் கோட்பாட்டை விளக்கினார். எதிர்ப்பு உடனே வந்தது. குளோரோபாமைப் பேறுகாலத்துக்குக் கொண்டுவந்த எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சன், கார்பாலிக் அமிலத்தை பிரான்சில் ஜூல் லெமேர் முன்னரே பயன்படுத்தி ஒரு நூலே எழுதிவிட்டார் என்று சுட்டிக்காட்டினார். அது உண்மை. லெமேரின் நூலைத் தேடிப் படித்த லிஸ்டர், அமிலத்தை முதலில் பயன்படுத்தியவன் நான் என்று நான் சொல்லவே இல்லை என்று பதில் எழுதினார். லெமேர் அமிலத்தைப் பல நோய்களுக்கும் ஏற்ற பொது மருந்தாகப் பரிந்துரைத்தார். லிஸ்டர் சொன்னது ஒன்றுதான்: காயத்துக்குள் உயிருள்ள கிருமி நுழையும் ஒவ்வொரு வழியையும் அடையாளம் கண்டு அடைக்க வேண்டும். இதே வகைக் கேள்வி வியன்னாவின் செமல்வைஸைப் பற்றியும் எழுப்பப்படுகிறது. 1847-இலேயே குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்துப் பிரசவ வார்டின் சாவைக் குறைத்தவர் அவர். அவருக்குக் காலம் செய்த அநீதி பெரிது, முன்னுரிமையும் அவருடையதே. ஆனால் ஒரு வார்டில் ஒரு வழியை அடைத்துக் காட்டுவதும், எந்தக் காயத்துக்கும் பொருத்திப் பார்க்கக்கூடிய ஒரு பொது விதியை எட்டுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதைச் செய்ய நொதித்தல் பற்றிய அறிவு வேண்டியிருந்தது. செமல்வைஸின் காலத்தில் அது இல்லை.

அடுத்த பத்தாண்டுகளில் லிஸ்டரின் கட்டுகள் அடைந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் அவர் மனம் ஓடிய திசை புலப்படும். தொடக்கத்தில் கிடைத்தது கருமையான, நாற்றமடிக்கும், தண்ணீரில் எளிதில் கரையாத கச்சா அமிலம். மான்செஸ்டரின் கிரேஸ் கால்வெர்ட் தூய்மையான படிகங்களைத் தயாரித்துத் தந்தபின் இருபதில் ஒரு பங்குக் கரைசல் கைவந்தது. சீழ்க்கட்டிகளுக்குச் சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயும் அமிலமும் பிசைந்த பசையைத் தகட்டில் தடவி ஒட்டினார். பசை நொறுங்கியதால் அரக்கில் அமிலத்தைச் சேர்த்துப் பட்டையாக்கினார். அதுவும் மனநிறைவு தராமல் எட்டு மடிப்பு வலைத்துணிக்கு வந்தார். இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மெல்லிய பட்டுத்துணி ஒன்று. எண்ணெய் ஊட்டி மெருகெண்ணெய் பூசிய அந்தப் பட்டைக் காயத்துக்கும் அமிலக் கட்டுக்கும் நடுவில் வைத்தார். காயத்தை அமிலத்திடமிருந்து காப்பதுதான் அதன் வேலை! உலகம் அவரை அமிலத்தின் தூதராகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அமிலம் புதுத்தோலைத் தொடாமலிருக்க அவர் பட்டுத்திரை போட்டுக்கொண்டிருந்தார். கிருமிக்குத் தடை வேண்டும், தடையே புண்ணாகிவிடக் கூடாது என்ற இரட்டைக் கட்டாயம் அந்தத் துணியில் இருக்கிறது.

இரத்தக்குழாயைக் கட்டும் நூலிலும் இதுவே நடந்தது. அதுவரை பட்டு நூலால் கட்டி, நூலின் முனைகளைக் காயத்துக்கு வெளியே தொங்கவிடுவார்கள். உள்ளே குழாய் அழுகி நூல் தளர்ந்ததும் இழுத்து எடுப்பார்கள். அந்த இழுப்பில் குழாய் திறந்து இரத்தம் பீறிட்டுச் செத்தவர்கள் பலர். அழுகல் இல்லாத காயத்தில் நூலை உள்ளேயே வெட்டி விட்டுவிடலாமே என்று லிஸ்டர் எண்ணினார். கார்பாலிக் அமிலத்தில் பதப்படுத்திய குடல் நூலால் ஒரு கன்றின் கழுத்துத் தமனியைக் கட்டி, ஒரு மாதம் கழித்து அறுத்துப் பார்த்தார். நூல் இருந்த இடத்தில் உயிருள்ள திசு வளர்ந்திருந்தது. 1869-இல் இதை வெளியிட்டார். உடலில் கரையும் நூல் என்று இன்று எந்த மருத்துவமனையிலும் சாதாரணமாகக் கேட்கும் சொல்லின் தொடக்கங்களில் ஒன்று அந்தக் கன்று.

அவர் தவறாகப் போன இடங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் என் வாதம் வலுவிழக்கும். அமிலத் தூவல் ஒரு தவறு. காற்றுதான் கிருமிகளின் முதன்மை வழி என்ற எண்ணத்திலிருந்து அது பிறந்தது. கையும் கருவியும் துணியும் காற்றைவிடப் பெரிய ஆபத்து என்பது மெல்லத்தான் தெளிவாயிற்று. 1881-இல் ஜெர்மானியக் கிருமியியலாளர் கோஹ், எண்ணெயில் கரைத்த கார்பாலிக் அமிலம் கிருமிகளின் வித்துகளை ஒன்றும் செய்வதில்லை என்று காட்டினார். அந்த ஆண்டு லண்டன் மாநாட்டிலேயே லிஸ்டர் தூவலைப் பற்றி ஐயம் தெரிவித்தார், 1887-இல் நிறுத்திவிட்டார். பதினாறு ஆண்டுகள் நீண்ட காலம்தான். ஒருவகைக் கிருமி இன்னொரு வகையாக உருமாறும் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் எழுதியதும் தவறு. ஆனால் அந்தத் தவறைச் சோதிக்கப் போன முயற்சியில்தான், பாலைப் புளிக்கவைக்கும் கிருமியை மேன்மேலும் நீர்த்துத் தனியாகப் பிரித்து வளர்த்தார். ஒரே இனக் கிருமியைத் தூய்மையாக வளர்த்தெடுத்த முதல் முயற்சிகளில் அது இடம்பெறுகிறது.

இன்னும் கடினமான ஆட்சேபம் எண்களைப் பற்றியது. 1864, 1866 ஆண்டுகளில் தன் பிரிவில் உறுப்பு நீக்கம் செய்த 35 பேரில் 16 பேர் இறந்தார்கள், 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேர்தான் இறந்தார்கள் என்று லிஸ்டர் 1870-இல் வெளியிட்டார். 46 விழுக்காட்டிலிருந்து 15-க்கு இறக்கம். கிளாஸ்கோ மருத்துவமனை நிர்வாகம் இதை ஏற்கவில்லை. காற்றோட்டமும் உணவும் செவிலியர் பராமரிப்பும் மேம்பட்டதே காரணம் என்று பதில் வந்தது. அந்த மறுப்பைக் காழ்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. எண்கள் சிறியவை, முன்னாலும் பின்னாலும் ஒப்பிடுகிற கணக்கில் இடையில் மாறிய வேறெதையும் பிரித்தறிய வழியில்லை. இன்றைய புள்ளியியல் முறையில் கணக்கிட்டால் இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்க நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அது தற்செயலை மட்டும் விலக்குகிறது, காற்றோட்டத்தை விலக்குவதில்லை. ஆகவே இந்த எண்களை மட்டும் நம்பி லிஸ்டரை ஏற்பது சரியாகாது. அவருடைய வலுவான சான்று நோயாளியின் படுக்கையில் இருந்தது. காற்றோட்டம் வார்டு முழுவதற்கும் ஒன்றுதான். காயத்தில் இரத்தம் உறைந்து நாற்றமின்றி, சீழின்றி, அந்த உறைவுக்குள்ளேயே புதுத் திசு படர்வதை மருத்துவர்கள் அதற்குமுன் திறந்த எலும்பு முறிவில் பார்த்திருக்கவில்லை. காற்றோட்டம் அதை விளக்காது.

பர்மிங்காமின் லாசன் டெய்ட் எழுப்பிய எதிர்ப்பு இதைவிடக் கூர்மையானது. கார்பாலிக் அமிலம் எதுவும் இல்லாமல், சோப்பும் தண்ணீரும் கண்டிப்பான சுத்தமும் கொண்டே அவர் வயிற்று அறுவைகளில் வியக்கத்தக்க வெற்றி கண்டார். கிருமிக் கோட்பாட்டை ஏளனமும் செய்தார். டெய்டின் வெற்றி மறுக்க முடியாதது. ஆனால் அவர் அறுத்தது, தன் கையாலேயே திறந்த, முன்பு அசுத்தம் படாத வயிறு. சக்கரம் ஏறிய கால் மருத்துவமனைக்குள் வரும்போதே தெருவின் மண்ணோடு வருகிறது. அங்கே சோப்பும் தண்ணீரும் காலத்தால் பிந்திவிட்டன. டெய்டின் சுத்தம் ஏன் பலித்தது என்பதற்கும் லிஸ்டரின் கோட்பாட்டில் விடை இருந்தது; லிஸ்டரின் கட்டுகள் ஏன் பலித்தன என்பதற்கு டெய்டிடம் விடை இல்லை.

ஓயாத மாற்றமே லிஸ்டரின் குறை என்றும் சொன்னார்கள். இந்த ஆண்டின் கட்டு அடுத்த ஆண்டு இல்லை, எதைப் பின்பற்றுவது? லண்டனில் பலர் கார்பாலிக் அமிலத்தைப் புண்ணில் தடவிப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பொருளை; கோட்பாட்டை விட்டுவிட்டார்கள். ஜெர்மானியர்கள் வேறுவிதமாக அணுகினார்கள். ஹாலே நகரில் ரிச்சர்ட் ஃபோல்க்மன், சீழ் நோய் மிகுந்து மூடும் நிலைக்கு வந்திருந்த தன் மருத்துவமனையில் 1872-இன் இறுதியில் லிஸ்டர் முறையை முழுமையாகக் கடைப்பிடித்துப் பெற்ற விளைவுகள் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்கவைத்தன. 1875-இல் லிஸ்டர் ஜெர்மனிக்குப் போனபோது அவருக்குக் கிடைத்த வரவேற்பு சொந்த நாட்டில் அதுவரை கிடைக்காதது. 1877-இல் கிங்ஸ் கல்லூரிக்காக லண்டன் வந்த அவர், அக்டோபர் 26 அன்று செய்த அறுவையில் தன் நம்பிக்கை அனைத்தையும் பணயம் வைத்தார். முழங்கால் சில்லு உடைந்த ஒருவருக்கு, தோல் கிழியாமலே இருந்த மூட்டைத் தானே திறந்து, உடைந்த துண்டுகளை வெள்ளிக் கம்பியால் இணைத்தார். பத்தாண்டுக்கு முன் உயிரைப் பறித்த திறந்த எலும்பு முறிவை இப்போது மருத்துவரே வேண்டுமென்று உண்டாக்குகிறார். நோயாளி இறந்திருந்தால் வழக்குத் தொடுத்திருக்கலாம் என்று சக மருத்துவர்கள் பேசிக்கொண்டார்கள். கால் குணமாயிற்று. லண்டனைத் திருப்பியதில் எண்கள் நிறைந்த அட்டவணைகளைவிட இந்த முழங்காலுக்குப் பங்கு அதிகம்.

கேள்வி கேட்கும் இந்தப் பழக்கம் அவர் வாழ்வின் எல்லா மூலைக்கும் எட்டவில்லை என்பது வருத்தத்துக்குரியது. பெண்கள் மருத்துவம் படிப்பதை அவர் எதிர்த்தார். எடின்பரோவில் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் அனுமதி கேட்டுப் போராடியபோது அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக இருப்பதோ ஆக்னஸின் கையெழுத்து. சோதனைக்கு ஏற்பாடு செய்ததிலும் அளவுகளைக் குறித்ததிலும் முப்பத்தேழு ஆண்டு மணவாழ்வு முழுவதும் அவர் துணை நின்றார். தன் வீட்டு மேசையிலேயே கிடந்த சான்றை லிஸ்டர் சான்றாக எண்ணிப் பார்க்கவில்லை.

லிஸ்டருக்கு எதிரான கடைசி வாதம் வரலாற்றின் பெயரால் வருவது. 1880-களிலிருந்து பெர்லினில் அறுவை மருத்துவர் பெர்க்மனும் அவர் மாணவர்களும் கருவிகளையும் துணிகளையும் நீராவியில் தூய்மையாக்கும் முறையை வளர்த்தார்கள். பிறகு ரப்பர் கையுறை வந்தது, முகமூடி வந்தது. கிருமியைக் காயத்தில் கொல்வதற்குப் பதிலாக, கிருமியைக் காயத்துக்கே வரவிடாமல் செய்வது வழக்கமாயிற்று. முகமூடியோ தனி உடையோ இல்லாமல் அறுத்த லிஸ்டர் காலாவதியாகிவிட்டார் என்பது இந்த வாதம். கருவியளவில் அது சரி. ஆனால் காயத்துக்கு வரும் வழிகளை அடைக்க வேண்டும் என்பதையே நீராவியும் செய்தது. வழி எது என்பதில்தான் திருத்தம். மேலும், மருத்துவர் தானே உண்டாக்கும் காயத்துக்கு மட்டுமே நீராவி போதும். லிஸ்டர் 1912 பிப்ரவரியில் இறந்தார். இரண்டரை ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. எரு ஊறிய பிளாண்டர்ஸ் வயல் மண்ணையும் சீருடைக் கந்தலையும் காயத்துக்குள் அடைத்துக்கொண்டு வீரர்கள் வந்தார்கள். நீராவி அறைகளும் வெள்ளைக் கையுறைகளும் வாயுப் புண்ணைத் தடுக்கவில்லை. வலுவான கிருமிக்கொல்லிகளை ஊற்றிப் பார்த்தார்கள். அவை காயத்தின் இடுக்குகளை எட்டுவதில்லை, எட்டிய இடத்தில் கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களையும் கொன்றுவிடுகின்றன என்று பூலோனில் ஆல்ம்ராத் ரைட்டும் அலெக்சாண்டர் பிளெமிங்கும் காட்டினார்கள். செத்த சதையை வெட்டி நீக்கிக் காயத்தைத் திறந்தே விடும் முறைக்கு மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள். அதே போரில் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கில வேதியியலாளர் அலெக்ஸிஸ் காரெலுடன் சேர்ந்து, காயத்தைக் கழுவும் கரைசல் ஒன்றுக்காக இருநூறுக்கு மேற்பட்ட பொருள்களைச் சோதித்து, அரை விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் வந்து நின்றார். கார்பாலிக் அமிலம் அந்தத் தேர்வில் தேறவில்லை. தேர்வுக்கு டேக்கின் வைத்த இரண்டு நிபந்தனைகள்: கிருமி சாக வேண்டும், திசு பிழைக்க வேண்டும்.